கவுஞ்சிக்குப் பொறுமை அளக்கப் போனோம்

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் ஏரியில் படகு விடுவார்கள், குதிரையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள், யூகலிப்டஸ் தைலம் இரண்டு பாட்டில் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். நான் போனது நாலைந்து வயதுப் பிள்ளைகளின் பொறுமையை அளக்க.

முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். யாருக்கும் புரியாத ஆங்கிலத்தை யாருக்கும் புரியாத தமிழாக மாற்றுவதில் நல்ல பெயர் வாங்கியவள். அந்தப் பெயரைக் கேள்விப்பட்டு ஒரு தோழி தொலைபேசியில் அழைத்தாள். வெளிநாட்டிலிருந்து ஓர் உளவியல் ஆய்வாளர் வருகிறார், பெயர் ஆனந்தி, தமிழ்ப் பெண்தான், தமிழ் மட்டும் வராது, ஐந்து நாள் கூட இருந்து உதவ வேண்டும் என்றாள். சென்னையில் அப்போது மார்ச் மாதம். வெயில் வாசலில் நின்று காலிங் பெல் அடித்துக்கொண்டிருந்தது. கொடைக்கானல் என்ற சொல்லுக்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை.

முதல் நாள் காலை விடுதியில் வெந்நீர் கேட்டேன். தமிழில்தான் கேட்டேன். வரவேற்பில் இருந்தவர், "ஹாட் வாட்டர் மார்னிங் சிக்ஸ் டு எய்ட் ஒன்லி மேடம்" என்றார். மணி எட்டு ஐந்து. மாம்பலத்தில் என் வீட்டுக் குழாயில் நாள் முழுக்க வெந்நீர்தான் வருகிறது, யாரும் மதிப்பதில்லை. இங்கே பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுப் பல் கிட்டிக்கச் சாப்பாட்டு அறைக்குப் போனேன். சமையலறையிலிருந்து மேஜைக்கு வருவதற்குள் பூரி ஆறிவிட்டது. அந்த ஊரில் அது பூரியின் குற்றம் இல்லை.

ஆனந்தி எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். மலையேறுகிற காலணி, மூடியில் உறிஞ்சுகுழல் வைத்த தண்ணீர்க் குப்பி, கையில் ஒரு தடித்த கோப்பு. "வசந்தா என்று கூப்பிடலாமா?" என்று கேட்டார். என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவர். கூப்பிடுங்கள் என்றேன். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில். இங்கே தமிழில் தருகிறேன், அதற்குத்தான் என்னை வரவழைத்தார்கள்.

"அந்த மிட்டாய்ச் சோதனை உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். சொன்னார். ஒரு குழந்தையின் முன்னால் ஒரு மிட்டாயை வைப்பார்கள். இப்போதே தின்னலாம், ஆனால் நான் திரும்பி வரும் வரை தின்னாமல் இருந்தால் இரண்டு கிடைக்கும் என்று சொல்லிவிட்டு வெளியே போவார்கள். சில குழந்தைகள் கதவு மூடுவதற்குள் தின்றுவிடும். சில காத்திருக்கும். காத்திருந்த குழந்தைகள் வளர்ந்த பிறகு நன்றாகப் படித்தார்கள் என்று முதலில் கண்டுபிடித்தவர்கள் எழுதினார்கள். உடனே உலகமெங்கும் பெற்றோர்கள் சொந்தப் பிள்ளைக்கு முன்னால் மிட்டாயை வைத்துவிட்டுக் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார்கள். பிற்பாடு வேறு சிலர் நிறையக் குழந்தைகளை வைத்துச் செய்து பார்த்தார்கள். வீட்டு வசதியையும் தாயின் படிப்பையும் சேர்த்துப் பார்த்தால் மிட்டாய்க்கு அவ்வளவு மகிமை இல்லை என்று தெரிந்ததாம்.

"எங்கள் துறையில் இது நிறைய" என்றார் ஆனந்தி. அவருடைய கல்லூரியில் அவர் நடத்தும் பாடமே அதுதான். கணக்குப் போட்ட குதிரை ஒன்று இருந்ததாம். கேள்வி கேட்பவரின் முகம் தளரும்போது அது குளம்பைத் தட்டுவதை நிறுத்திவிடும், அவ்வளவுதான் அதன் கணிதம். கெட்டிக்கார எலி, மந்த எலி என்று சீட்டு ஒட்டி மாணவர்களிடம் கொடுத்தார்களாம். எல்லாம் ஒரே ரக எலிகள்தான், ஆனால் சீட்டில் எழுதியபடியே ஓடின. மாணவர்களைக் காவலர், கைதி என்று பிரித்து வைத்தபோது காவலர்கள் தாமாகவே கொடூரமாகிவிட்டார்கள் என்று பாடப்புத்தகங்கள் சொல்லின. இன்னும் கடுமையாக இரு என்று ஆய்வு நடத்தியவர்கள் பக்கத்திலிருந்தே சொல்லிக்கொடுத்த ஒலிநாடா பிறகு வெளியே வந்தது.

"தான் நினைத்ததையே கண்டுபிடிப்பது. இதுதான் எங்களுக்கு வரும் வியாதி. அதனால் சோதனை செய்கிறவருக்கு ஆய்வாளரின் எதிர்பார்ப்பு என்னவென்று தெரியவே கூடாது."

நான் தலையாட்டினேன். அவர் ஒரு வாய் காபி குடித்தார்.

"என் எதிர்பார்ப்பு என்னவென்றால்" என்று தொடங்கினார்.

கொடைக்கானலைத் தாண்டிய மேல்மலையில் போளூர்ப் பக்கம் சொந்த நிலத்தில் பூண்டு போடும் குடும்பங்கள் இருக்கின்றன. நட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் காத்திருக்கக் கற்றிருக்கும். மன்னவனூர்ப் பக்கம் ஒரு வரிசை வீட்டுக் குடியிருப்பில் தினக்கூலிக் குடும்பங்கள். அன்றைய வேலை, அன்றைய சோறு. அந்தப் பிள்ளைகளுக்குக் காத்திருக்க வராது. இதை நிரூபித்துக் கொடுத்தால் ஓர் அறக்கட்டளை அடுத்த ஆண்டு மேல்மலையில் இறங்கும். காத்திருக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு மாலையில் வாசிப்பு வகுப்பு. தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு வருடம் பொறுமைப் பயிற்சி. பயிற்சிப் புத்தகத்தை ஏற்கெனவே அச்சடித்துவிட்டார்கள். அட்டையில் ஓர் ஆமை.

"இதெல்லாம் எனக்குத் தெரியலாமா?" என்று கேட்டேன்.

கோப்பை பாதி வழியில் நின்றது. "நீங்கள் மொழிபெயர்ப்பாளர்தானே" என்றார்.

தண்ணீர் போகும் குழாய்க்குச் சுவை தெரியாது என்ற கணக்கில் சொன்னார். நானும் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். அது மட்டுமில்லை. அவர் சொன்னது சரி என்றே எனக்குத் தோன்றியது. என் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணைப் பற்றி நான் பதினைந்து வருடமாகச் சொல்லிவருவதும் அதுதான். அதற்கு ஒரு முனைவர் பட்டம் கிடைக்கும் என்று தெரியாமல் சும்மா சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஒத்திகை. ஜீப்புக்கு ஜெயபால் வந்தார். மேல்மலைக்காரர், ஐம்பது வயது, தலையில் மஃப்ளர். ஏழு மணிக்கு அவர் வந்து நிற்க, நாங்கள் எட்டரைக்கு இறங்கினோம்.

"வெள்ளனே கெளம்புனாத்தான் வெரசாப் போய்ச் சேரலாங்கம்மா. இப்பப் பாருங்க, பூம்பாறை ரோடு பூராவும் டூரிஸ்ட்டு வண்டி அடைச்சுக் கெடக்கும்" என்றார்.

அடைத்துத்தான் கிடந்தது. அதைத் தாண்டிய பிறகு ஒரு காட்டுமாடு. கறுப்பாக, ஒரு சின்ன வீடு அளவுக்கு, காலில் வெள்ளைச் சாக்ஸ் போட்டதுபோல் ரோட்டின் நடுவில் நின்றது. ஜெயபால் என்ஜினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். ஐந்து நிமிடம் ஆனது. பொறுமை ஆராய்ச்சியாளர் மூன்றாவது முறையாகக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஹார்ன் அடிக்கக் கூடாதா என்று என்னைக் கேட்கச் சொன்னார்.

"அடிக்கலாங்க. அடிச்சவன் வண்டி ஒர்க்‌ஷாப்புல கெடக்கு, வாங்க காட்டுறேன்" என்றார் ஜெயபால். "அதுக்கும் ஒரு சோலி இருக்கும்ல. முடிச்சிட்டுப் போகட்டும்."

அதன் சோலி முடிய இருபது நிமிடம் ஆயிற்று.

கவுஞ்சியில் படிப்படியாய்ச் சரிந்த வயல்களுக்கு மேலே ஒரு சமுதாயக் கூடம். அந்த ஊர் அங்கன்வாடிப் பிள்ளைகளை வைத்து ஒத்திகை. ஆனந்தி தன் நாட்டிலிருந்தே மிட்டாய் கொண்டுவந்திருந்தார். வெள்ளையாக, உருண்டையாக, பஞ்சுபோல் அமுங்கும் ஒன்று. மூல ஆராய்ச்சியில் வைத்த அதே மிட்டாயாம். தட்டில் வைத்தோம். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். வெளியே வந்தேன்.

ஒரு பிள்ளைகூடத் தின்னவில்லை. ஒருத்தி அதைப் பார்த்து "சோப்பா?" என்றாள். ஒருவன் விரலால் அமுக்கினான், அது எழும்பியது, மறுபடி அமுக்கினான், கால் மணி நேரமும் அதே வேலை. இரண்டாவதைக் கொடுத்தபோது இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் அரை நிமிடத்தில் தோற்ற குழந்தைகள் உண்டு. கவுஞ்சியில் அத்தனை பிள்ளைகளும் துறவிகள். ஆனந்தி கவலையோடு கோப்பில் ஏதோ எழுதினார்.

வாசலில் நின்ற அங்கன்வாடி டீச்சர் மெதுவாகச் சொன்னார். "திங்கிற பொருளா இருந்தா வாயில வச்சிருப்பாங்க மேடம்."

மதியம் ஒரு வீட்டில் சாப்பாடு சொல்லியிருந்தார் ஜெயபால். மலைப்பூண்டு உரித்துப் போட்ட ரசம், பீன்ஸ் பொரியல், உருளைக்கிழங்குக் காரக்குழம்பு. சென்னையில் நாங்கள் பீன்ஸ் என்று வாங்குவது எதை என்று யோசித்துக்கொண்டே மூன்றாம் முறை சோறு போட்டுக்கொண்டேன். திரும்புகிற வழியில் கொடைக்கானல் கடையில் பளபளக் காகிதம் சுற்றிய சாக்லேட் ஒரு டப்பா வாங்கினோம். மூல ஆராய்ச்சி அங்கேயே செத்துவிட்டது. யாரும் அழவில்லை.

மூன்றாம் நாள் அதே கவுஞ்சிக் கூடத்தில் உண்மையான சோதனை. காலையில் போளூர் விவசாயி வீட்டுப் பிள்ளைகள், மதியம் குடியிருப்புப் பிள்ளைகள் என்று ஏற்பாடு. பெயர் கேட்கக் கூடாது. பிள்ளைகளின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்பதால் நெஞ்சில் எண் மட்டும். எல்லாப் பிள்ளைகளும் குரங்குக் குல்லாய், ஸ்வெட்டர். கண்ணும் மூக்கும்தான் தெரிந்தன. நான் உள்ளே தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தபோதே ஜீப் வந்துவிட்டது, சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்பாக. வாசலில் ஜெயபால் ஆனந்தியிடம் ஏதோ நீளமாகச் சொன்னார். ஆனந்தி "ஓகே, ஓகே, தேங்க்யூ" என்றார்.

நான் சொல்ல வேண்டியது மூன்று வாக்கியம். "இந்த சாக்லேட்டை நீ இப்பவே சாப்பிடலாம். நான் திரும்பி வர்ற வரைக்கும் சாப்பிடாம இருந்தா இன்னொண்ணு தருவேன். உன் இஷ்டம்." ஒரு சொல்கூட மாறக் கூடாது. நான் ஒரு சொல்லும் மாற்றவில்லை. அரசாணையைப் போல் ஒப்பித்தேன் என்று பெருமையாக இருந்தது. பக்கத்து அறையில் ஆனந்தி கேமரா வழியாகப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

காலைப் பிள்ளைகள் அபாரம். பெரும்பாலும் கடைசி வரை காத்திருந்தார்கள். நாலாம் எண் பெண் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு, சாக்லேட்டைப் பார்த்து ஏதோ பாட்டுப் பாடியே நேரத்தை ஓட்டிவிட்டாள். ஏழாம் எண் பையன் காகிதத்தோடு எடுத்து ஒரு நக்கு நக்கிவிட்டு வைத்தான். "அது ஆராய்வது, தின்பது இல்லை" என்றார் ஆனந்தி. நியாயமாகப் பட்டது.

மதியம் வந்தவர்கள் அப்படியில்லை. நான் கதவை மூடித் திரும்புவதற்குள் காகிதம் உரிபடும் சத்தம் கேட்டது. ஒருவன் காகிதத்தின் மேல் நாக்கை வைத்தான். ஆனந்தி அதைத் தோல்வி என்று குறித்தார். அதுவும் நியாயமாகப் பட்டது.

அன்று மாலை ஆனந்தி முகத்தில் ஒரு ஒளி. எதிர்பார்த்ததுபோலவே வந்திருக்கிறது என்றார். ஏரிக்கரையில் எனக்கு ஒரு சோளக்கதிர் வாங்கித் தந்தார். நானும் மனித மனத்தைப் பற்றி ஏதோ புரிந்துவிட்ட திருப்தியில் அதைத் தின்றேன்.

நாலாம் நாள் போளூருக்குப் போய், முடிவுகளைப் பயன்படுத்தப் பெற்றோரிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்க வேண்டும். வழியில் மன்னவனூரைத் தாண்டி ஒரு டீக்கடையில் ஜெயபால் நிறுத்தினார். டீ வருவதற்குள் பெஞ்சுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது.

"அம்மா, சாக்லேட் டீச்சர்."

குரங்குக் குல்லாய் இல்லாவிட்டாலும் ஆனந்தி அவளைக் கண்டுகொண்டார். நாலாம் எண். பேர் தர்ஷினி என்றாள். பக்கத்தில் அவள் அம்மா, கையெல்லாம் செம்மண், பூண்டு வேலைக்கு நடுவில் பாண் வாங்க வந்திருந்தார். பிரெட்டுக்கு அவர் வைத்திருந்த பெயர் அது. புஷ்பம் என்று பெயர் சொன்னார். ஆனந்தி உணர்ச்சிவசப்பட்டுவிட்டார். உங்கள் நிலத்தில் பூண்டு நட்டு நீங்கள் காத்திருக்கும் பொறுமைதான் உங்கள் மகளுக்கு வந்திருக்கிறது என்று சொல்லச் சொன்னார். நான் கொஞ்சம் அலங்காரம் சேர்த்தே சொன்னேன்.

புஷ்பம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்களுக்கு ஏதும்மா நெலம்? தாத்தா காலத்துல சிலோன் தோட்டத்துல இருந்து வந்த சனம் நாங்க. இன்னிக்கு இந்தக் காடு, நாளைக்கு யாரு கூப்புடுறாங்களோ அந்தக் காடு. அந்தா வரிசையாத் தெரியுதே லயம், அதுதான் வீடு."

"நீங்க போளூர் இல்லையா?" என்றேன்.

"போளூருக்கு வேலைக்குப் போவோம். அங்கிட்டு வீடு இல்ல."

நான் மொழிபெயர்க்கவில்லை. ஜெயபாலைப் பார்த்தேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"அன்னைக்கே மேடத்துக்கிட்டச் சொன்னேனேங்கம்மா. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு காரட்டு ஏத்திக்கிட்டு வந்த லாரி போளூரு வளைவுல குறுக்கால நின்னுபோச்சு. அங்கிட்டுப் போக முடியல. சும்மா நிக்காம இங்கிட்டு இருக்க லயத்துப் பிள்ளைகள மொதல்ல கூட்டியாந்துட்டேன். போளூருப் பிள்ளைகள மத்தியானமாக் கூட்டியாந்தேன். மேடம் ஓகேன்னாங்க."

இதை மொழிபெயர்த்தேன். வாழ்க்கையில் இவ்வளவு பிழையில்லாமல் எதையும் நான் மொழிபெயர்த்ததில்லை.

ஆனந்தி டீயைக் கீழே வைத்தார். ஜீப்பில் ஏறி, கோப்பை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வயல்களையே பார்த்தார். எனக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பாவம் ஒரு வளைவு வரைதான் நீடித்தது. பேனாவைத் திறந்தார்.

"வசந்தா, இது இன்னும் சுவாரஸ்யம். கூலிக்காரர் பிள்ளைகள் நாள் முழுக்கத் தாய்க்காகக் காத்திருக்கிறார்கள். அதனால் அவர்களுக்குப் பொறுமை அதிகம். நிலம் இருக்கிற வீட்டில் கேட்டது கிடைக்கிறது. அதனால் குறைவு."

நேற்று வரை கூலிக்காரர் பிள்ளைக்குப் பொறுமை வராததற்கு ஒரு காரணம் வைத்திருந்தார். இன்று அதே பிள்ளைக்குப் பொறுமை வழிவதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். இரண்டுமே கேட்க நன்றாகத்தான் இருந்தன. அதுதான் எனக்கு உறுத்தியது. நான் காலையில் யாரைப் பொறுமைசாலி என்று நினைத்தேனோ அவர்கள் காத்திருந்தார்கள். மதியம் யாரை அவசரக்காரர் என்று நினைத்தேனோ அவர்கள் தின்றார்கள். பிள்ளைகள் இடம் மாறியும் முடிவு மாறவில்லை. மாறாமல் இருந்தது ஒரு ஆள்தான். அந்த மூன்று வாக்கியத்தையும் சொன்ன ஆள். ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"வீடியோவைப் பார்க்கலாமா?" என்றேன்.

போளூரில் கையெழுத்தை முடித்துக்கொண்டு, விடுதிக்குத் திரும்பி மாலை ஐந்து மணிக்குப் பார்த்தோம். காலைப் பதிவில் ஒரு பெண்மணி குழந்தையின் பக்கத்தில் குனிகிறாள். கதை சொல்லும் குரல். "சாப்பிடாம இருந்தா" என்ற இடத்தில் நிறுத்தி, புருவத்தைத் தூக்கி, மெதுவாகத் தலையாட்டுகிறாள். "உன் இஷ்டம்" வாய்க்குள்ளேயே போய்விடுகிறது. போகும்போது குல்லாய் மேல் கை வைத்து ஒரு தட்டு. மதியப் பதிவில் அதே பெண்மணி நின்றபடியே பேசுகிறாள். "இப்பவே சாப்பிடலாம்" மட்டும் கணீரென்று கேட்கிறது. பேசிக்கொண்டே தட்டைக் குழந்தையின் பக்கம் தள்ளுகிறாள். பிறகு கடிகாரத்தைப் பார்க்கிறாள். ஒரு சொல்லும் மாறவில்லை. அத்தனையும் மாறியிருந்தது.

என் வீட்டுக்கு வரும் பெண்ணிடம் நான் எந்த முகத்தோடு பேசுவேன் என்று அதுவரை எனக்குத் தெரியாது. மதியப் பதிவில் இருந்தது அந்த முகம்.

பிள்ளைகள் காகிதத்தை நக்கிய அந்த இரண்டு இடங்களையும் ஆனந்தியே தேடி எடுத்து, அடுத்தடுத்து இரண்டு முறை ஓடவிட்டார். மடிக்கணினியை மூடினார்.

"இதைத்தான் நான் பாடமாக நடத்துகிறேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனால் அவ்வளவு சின்னப் பிள்ளைகள் இதையெல்லாம் கவனித்திருக்குமா?" என்றார்.

"கேட்டுப் பார்க்கலாமே."

"கேட்டால் அது தரவு ஆகாது."

"குதிரையைத்தான் கேட்க முடியாது. இதுகள் தமிழ் பேசும்" என்றேன்.

ஐந்தாம் நாள் காலை லயத்துக்குப் போனோம். ஒரே கூரையின் கீழ் வரிசையாய் வீடுகள். புஷ்பம் வாசலில் உட்கார்ந்து பூண்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பால் ஊற்றாத சாயத் தேத்தண்ணி கொடுத்தார், நக்கிக்கொண்டே குடிக்கச் சர்க்கரையைத் தனியாக எங்கள் கையில் வைத்து. தர்ஷினியைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன்.

"அன்னைக்கு ஏன் சாக்லேட் சாப்பிடல?"

"நீங்கதானே சாப்புடாதேன்னு சொன்னீங்க."

"நான் எப்பச் சொன்னேன்? உன் இஷ்டம்னுதானே சொன்னேன்."

"வாயால சொல்லல. இப்பிடிப் பாத்தீங்க."

பார்த்தாள். புருவத்தை நெற்றி வரை ஏற்றி, உதட்டை உள்ளே மடித்து, மெதுவாக மேலும் கீழும் தலையை ஆட்டினாள். அறுபதை நெருங்கும் ஒரு மாம்பலத்து முகம் ஐந்து வயது முகத்தில் வந்து உட்கார்ந்தது. புஷ்பம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. ஆனந்தியும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

புஷ்பத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். எதற்காக வந்தோம், முடிவைப் பொறுத்து என்ன வகுப்பு வரும் என்பதையும். சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது.

"பொறுமைக்குக் கிளாஸா?" என்றார் அவர். கை பூண்டிலிருந்து நகரவில்லை. "வேலைக்குக் கூப்புடுவாங்களான்னு விடிய ரோட்டுல நிக்கிறோம். பஸ்ஸுக்கு நிக்கிறோம். ஆஸ்பத்திரில நிக்கிறோம். புள்ளைங்க நாங்க வர்ற வரைக்கும் இந்த வாசல்ல நிக்குது. இன்னும் நிக்கச் சொல்லிக் குடுக்க ஒரு ஆளு வருதா? படிக்கச் சொல்லிக் குடுக்க ஆள் இருந்தா அனுப்புங்கம்மா. எனக்குக் கையெழுத்துத்தான் வரும்."

இதை ஆனந்திக்குச் சொன்னபோது நான் எதையும் சேர்க்கவில்லை, குறைக்கவில்லை. அவர் எழுதிக்கொள்ளவில்லை. புஷ்பத்தின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போளூரில் ஒரு பையன் கிடைத்தான். கவின். முதல் ஆளாகத் தின்றவன். ஏன் காத்திருக்கவில்லை என்றேன். அவனுக்குக் கேள்வியே விநோதமாக இருந்தது. "டீச்சர்தான் தட்டத் தள்ளி வச்சாங்க. வெரசாத் தின்னாத்தானே அடுத்தவன உள்ள விடுவாங்க" என்றான். என் அவசரத்தைப் புரிந்துகொண்டு எனக்கு ஒத்தாசை செய்திருக்கிறான். அதைத்தான் நாங்கள் தோல்வி என்று எழுதி வைத்திருந்தோம்.

கொடைக்கானலுக்குத் திரும்பும்போது ஆனந்தி கோப்பைத் திறக்கவே இல்லை. பூம்பாறை தாண்டியதும் சொன்னார்.

"இந்த முடிவுகள் எதற்கும் உதவாதவை என்று எழுதப் போகிறேன். போளூர்ப் பிள்ளைகள் விஷயத்திலும் லயத்துப் பிள்ளைகள் விஷயத்திலும்."

"எழுதினால் என்ன ஆகும்?"

"அடுத்த வருடம் எனக்கு வேலை இருக்குமா என்று தெரியாது. ஏதாவது கண்டுபிடிப்பதற்குத்தான் அனுப்பினார்கள். கண்டுபிடிக்கவில்லை என்று சொல்வதற்கு இல்லை."

ஐந்து நாளாக மனதுக்குள் அவரைக் கேலி செய்துகொண்டே வந்தவள் நான். அவருடைய தண்ணீர்க் குப்பியை எடுத்து அவரிடம் நீட்டினேன். ஜெயபால் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு வண்டியின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார். இரண்டு பேருக்கும் தலைசுற்றல் என்று நினைத்திருப்பார்.

ஜூலையில் அறக்கட்டளையின் அறிக்கை தபாலில் வந்தது. வழுவழுப்பான தாள், நடுவில் ஏரியின் படம். மேல்மலை ஆய்வைப் பற்றி ஒரே வரி. மொழிபெயர்ப்பாளரின் மனச்சாய்வால் முடிவுகள் பாதிக்கப்பட்டதாகவும், எனவே அவற்றைப் பயன்படுத்தப்போவதில்லை என்றும். முப்பது வருட அரசுப் பணியில் யாரும் என்னைப் பற்றி அச்சில் எழுதியதில்லை. ஆனந்திக்கு போன் செய்தேன், கொஞ்சம் சூடாகவே.

"நான் நாலு பக்கம் எழுதினேன் வசந்தா. காலைச் சாப்பாட்டில் உங்களிடம் சொன்னது, இரண்டு பிள்ளைகள் நக்கியதை இரண்டு விதமாகக் குறித்தது, லாரி, டீக்கடையில் நான் போட்ட புதுக் கணக்கு, எல்லாம். அவர்கள் சுருக்கிவிட்டார்கள்."

அந்த நாலு பக்கத்தையும் அனுப்பினார். படித்தேன். உண்மைதான், தன்னைத்தான் அதிகம் திட்டியிருந்தார். அவருடைய வேலை இன்னொரு வருடத்துக்கு நீட்டிக்கப்பட்டிருக்கிறது, அதற்குப் பிறகு தெரியாது என்றார். பொறுமைப் பயிற்சி மேல்மலைக்கு வராது. போளூரிலும் லயத்திலும் வாசிப்பு வகுப்பு வாரம் இரண்டு நாள் நடக்கும். ஆமை போட்ட புத்தகங்களை வீணாக்க மனமில்லாமல் வேறொரு மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். அங்கே யாரையும் சோதிக்கவில்லை. பார்த்தாலே தெரிகிறது என்று சொல்லிவிட்டார்கள்.

புஷ்பத்தின் எண்ணை ஜெயபாலிடம் வாங்கி அழைத்தேன். வகுப்பு பற்றிச் சொன்னேன். டீச்சர் ஏற்கெனவே வந்துவிட்டதாகச் சொன்னார். தர்ஷினி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"இந்த வருசம் ஒண்ணாப்பு சேத்திருக்கம்மா. நல்லாப் படிக்குது. என்ன, ஸ்கூல் டீச்சர் கூப்புட்டு விட்டாங்க. மத்த புள்ளைங்கள வாயத் தெறக்க விடாம முந்திரிக்கொட்ட மாதிரி இவளே பதில் சொல்லிப்புடுறாளாம்." புஷ்பம் சிரிப்பை அடக்குவது கேட்டது. "எம்புள்ளைக்குக் கொஞ்சங்கூடப் பொறுமையே இல்லையாம்."